உள்ளேயா, வெளியேயா?

டாக்டர்கள் யாராவது கை நீட்டினால் வெர்லின் பான்க்ராட்ஸ் தம் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். மரியாதைக் குறைவு அல்ல, முன்னெச்சரிக்கை. "கையக் கொடுத்தா நாடி பாத்ததா எழுதி பில் அனுப்பிடுவாங்க" என்பார். கைகளைப் பத்திரப்படுத்திய பிறகு, நெடிய உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறவரின் பணிவோடு கேட்பார்: "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர். நீங்க உள்ளயா, வெளியயா?"

உள்ளே என்றால் அவருடைய காப்பீட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் டாக்டர், ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க்குக்கு உள்ளே. வெளியே என்றால் அதற்கு வெளியே, பில் அவர் தலையில். வெர்லினின் பார்வையில், மனித குலத்துக்கே கொஞ்சம் வெளியே. சம்பந்தம் பேச வருகிறவர்கள் குலதெய்வம், பூர்வீகம் என்று மூன்று தெரு சுற்றி வந்து விசாரிக்கிற விஷயத்தை இவர் நேராகவே கேட்டுவிடுகிறார். அந்த மட்டில் நேர்மையானவர்.

கன்சாஸில், கோதுமையும் சோளமும் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத பகுதியில், விவசாயிகள் கூட்டுறவின் தானியக் களஞ்சியத்தில் எடைமேடை அவர் பொறுப்பு. லாரி நிறைந்து வரும்போது ஓர் எடை, காலியாகப் போகும்போது ஓர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தானியம். முப்பது வருஷமாக இதைச் செய்கிறவருக்கு, உலகத்தில் எதையும் கழித்துப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டதில் தப்பில்லை. அந்த நம்பிக்கையைத் தகர்க்க ஒரு குடலிறக்க அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

அந்த முறை அவர் எல்லாவற்றையும் முறையாக விசாரித்துத்தான் போனார். ஆஸ்பத்திரி உள்ளே. அறுத்த டாக்டர் உள்ளே. கட்டில், கத்தி, நூல் எல்லாம் உள்ளே. மயக்க மருந்து கொடுக்க வந்த மனிதர் மட்டும், சிரித்த முகமாக, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். வெர்லின் ஏழு வரை எண்ணினார். சிரித்த முகம் வெளியே என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் டாலர், அதாவது எண்ணிய எண் ஒன்றுக்கு ஆயிரம்.

எடைமேடைக்கு லாரி ஓட்டி வரும் டெல்மர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவினான். "பத்துன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கணும்யா நீ. யாரு உன்ன ஏழு வரைக்கும் போகச் சொன்னா?"

வெர்லின் சிரிக்கவில்லை. அதில் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

அன்று பிறந்த கேள்வி இது. பிறந்த குழந்தை சும்மா இருக்குமா, வளர்ந்தது. ரத்தம் எடுக்க வரும் பெண்ணைக் கேட்டார். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளுநாற்காலி உருட்டுகிற பையனைக் கேட்டார். காத்திருப்போருக்குக் சம்பளமில்லாமல் தொண்டாகக் காப்பி ஊற்றித் தரும் கிழவியைக் கேட்டார். அந்த அம்மாள் இரண்டு சர்க்கரைப் பொட்டலம் கூடுதலாகக் கொடுத்து, தான் எதற்குள்ளும் இல்லை, விதவை என்றாள். நோயாளிகளுக்காக ஜெபிக்க வரும் பாஸ்டரையும் விட்டுவைக்கவில்லை. பாஸ்டர் யோசித்துவிட்டு, ஜெபத்துக்குத் தனியாக பில் வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வெர்லின் தலை குனிந்தார். நாயின் காலில் முள் ஏறியபோது கால்நடை டாக்டரிடமும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். "உன் நாய்க்கு நாங்க எல்லாருமே வெளியதான், வெர்லின்" என்று அவர் முள்ளைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

இந்த இடங்களிலெல்லாம் மனைவி ஆர்டிஸ் கூட நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலில் முகம் சுளிக்காதவள், புருஷன் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் திறந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் எதையாவது படிக்கத் தொடங்கிவிடுவாள். கை கழுவும் முறையைப் படங்களோடு விளக்கும் சுவரொட்டி அவளுக்கு மனப்பாடம்.

ஜனவரியில் கூட்டுறவு, காப்பீட்டுக் கம்பெனியை மாற்றியது. மாதத் தவணை குறைந்துவிட்டது என்று கேக் வெட்டினார்கள். கேக்கின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே வெர்லின் விவரங்களை முழுதாகப் படித்து முடித்துவிட்டார். படித்த ஒரே ஆள் அவர்தான் என்பது ஊர் முடிவு. வருஷத்தின் முதல் ஆறாயிரம் டாலர் வைத்தியச் செலவு அவருடையது. அதைக் கட்டித் தீர்த்த பிறகே கம்பெனி கண்ணைத் திறக்கும். டிசம்பர் முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்ளும், மறுபடி முதல் டாலரிலிருந்து. நெட்வொர்க்குக்கு வெளியே போனாலோ அதற்கு வேறு உண்டியல், அதன் வாய் இன்னும் பெரியது. போனால் போகிறது என்று விடலாம். ஆனால் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற உள்ளூர் ஆஸ்பத்திரி, ஆர்டிஸ் பிறந்த ஆஸ்பத்திரி, அந்த ஜனவரியில் வெளியே போய்விட்டது. கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம் வெர்லின் ஜன்னல் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே இருக்கிற ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம்.

அக்டோபரில் சோள அறுவடை. லாரிகள் விளக்கு வைத்த பிறகும் வரிசையில் நின்றன. ஞாயிறு தவிர மற்ற நாளில் வெர்லின் வீட்டுக்கு வருவது தூங்கத்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்துக்கு ஆர்டிஸ் முட்டைக்கோசும் இறைச்சியும் பொதிந்த ரொட்டி சுட்டுக்கொண்டு போனாள். தான் மட்டும் ஒரு விள்ளல் தொடவில்லை. திங்கட்கிழமை சோபாவில் சாய்ந்திருந்தாள். கேட்டதற்கு அலுப்பு என்றாள். அறுவடைக் காலத்தில் அலுப்பு எல்லோருக்கும் இருக்கிறது என்று வெர்லின் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாலாடைக்கட்டித் தட்டைத் தூக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸ் உள்ளேயா வெளியேயா என்பது ஆண்டவனுக்கும் தெரியாத விஷயம். வேண்டாம், இதோ வந்துவிட்டேன் என்றார் வெர்லின்.

பிக்கப் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பிரதான வீதியில் போனால் உள்ளூர் ஆஸ்பத்திரி வலது கைப்பக்கம் வரும். வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் கதவு, இவர்களுக்காகவே போல, யாரும் இல்லாமலே திறந்து மூடியது. வெர்லினின் கால் பிரேக்கைத் தேடியது.

"போய்க்கிட்டே இரு" என்றாள் ஆர்டிஸ், கண்ணை மூடியபடி.

போய்க்கொண்டே இருந்தார். நாற்பது மைல். சாலையில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஆர்டிஸ் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள். அவர் வண்டியை வேகமாக ஓட்டுவதா மெதுவாக ஓட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. குடல்வால் உடைந்து சீழ் பரவியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். வெர்லின் வயதான மனிதர். ஆனாலும் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, வந்தவரையெல்லாம் கேட்டார். ஆஸ்பத்திரி உள்ளே. அறுக்கப்போகிற டாக்டர் உள்ளே. ஸ்கேன் பார்த்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நழுவினார். மயக்க மருந்து டாக்டர் இன்னும் வரவில்லை. வேறு கட்டடத்திலிருந்து வருகிறாராம். அவரைப் பற்றி ஜோலீன் என்ற நர்ஸைக் கேட்டார்.

ஜோலீன் சலைன் ஊசியை ஒட்டிக்கொண்டே, தனக்குத் தெரியாது என்றாள். "அவங்கள்ல யாரு எந்தக் கம்பெனின்னு எங்களுக்கே தெரியாதுங்க. மாசத்துக்கு ஒரு மாதிரி மாறும்."

"கேட்டுச் சொல்லேம்மா. புண்ணியமா போகும்."

"ஐயா, நீங்க கேட்டு முடிக்கிற வரைக்கும் இந்த வயிறு காத்திருக்காது." அவள் ஆர்டிஸ் பக்கம் குனிந்தாள். "வலி எப்பம்மா ஆரம்பிச்சது? இன்னிக்குக் காலைலயா?"

ஆர்டிஸ் உதட்டை நனைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை."

ஜோலீனின் கை நின்றது. வெர்லின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையா? நான் வீட்லதான இருந்தேன். ஏன் சொல்லல?"

அறையில் சுவரொட்டி எதுவும் இல்லை. ஆர்டிஸ் அவரையே பார்த்தாள். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டைக் கீழே போட்ட பிள்ளையிடம் பேசுகிற குரல்.

"சொன்னா நீ கெளம்பிருவ, வெர்லின். ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் நின்னுக்கிட்டு, கைய ரெண்டையும் பைக்குள்ள விட்டுக்கிட்டு. அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல. வலி தானா போயிரும்னு நெனச்சேன்."

வெர்லின் ஏதோ கழித்துப் பார்ப்பதுபோல் நின்றார். புதனிலிருந்து ஞாயிறு. மிச்சம் மூன்று நாள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை அரங்கின் இரட்டைக் கதவு வரை அவர் கூடவே நடந்தார். அங்கே ஒரு மஞ்சள் கோடு, அதைத் தாண்டக் கூடாது. கோட்டின் மேல் நின்றார்.

நடைக்கூடத்தில் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பச்சை அங்கி, தலையில் குல்லாய், மூக்குக்குக் கீழே முகமூடி. மயக்க மருந்து டாக்டர். இந்தக் கிழவரைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெர்லின் அருகே வந்ததும் தாமாகவே நின்று, முகமூடியைக் கொஞ்சம் இறக்கி, கேள்விக்காகக் காத்திருந்தார். அவர் மார்பில் பெயர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் புகைப்படம். அதன் கீழே, ஆஸ்பத்திரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வேறு ஏதோ கம்பெனியின் பெயர்.

வெர்லினின் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. அது நீண்டு அந்த அட்டையைப் பிடித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிவைத்தது. மறுபடி திரும்பிவிடாமல், டாக்டரின் மார்போடு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டது.