எலியின் அக்குளில் ஒரு புள்ளி

எங்கள் ஆய்வகத்தில் எலிக்கு ஸ்கேன் எடுக்கும் நாளில் யாரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் திரையில் பளீரென்று ஒரு வட்டத்தைக் கண்டதும் கட்டிதான் என்று கைதட்டிவிட்டேன். "மேடம், அது மூத்திரப்பைங்க" என்றார் ஸ்கேன் கருவியைப் பார்த்துக்கொள்ளும் வாணியம்பாடிக்காரர். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆன்டிபாடி என்பது நோயைத் தேடிப்போய்ப் பிடிக்கும் புரதம். முழுசாகப் போட்டால் நாள்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றிப் படத்தை மங்கலாக்கிவிடும். அதனால் புற்றுநோய்ச் செல்லைப் பற்றும் நுனியை மட்டும் துண்டாக எடுத்து, அதில் துளிக் கதிரியக்கத்தை ஒட்டி, எலியின் வால் நரம்பில் ஏற்றுவோம். கட்டியில் அது தங்கிப் படத்தில் ஒளிரும். மிச்சமெல்லாம் சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறும்.

அந்த வேலையில் நான் இருந்தபோதுதான் ஜமுனாமரத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் எடுத்தாயிற்று என்றார் டாக்டர். அக்கா நம்பவில்லை. மார்புக் கட்டி பரவினால் முதலில் போகும் இடம் அக்குள்தான்; துணி வெட்டும்போதும் நடுநடுவே அவள் கை அதைத் தடவிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் வரும். பயம் என்று சொல்லத் தெரியாமல்தான் கோபப்பட்டேன்.

அப்படி ஒரு நாள், வலது தோளில் கட்டி வளர்ந்திருந்த எலியைப் படம் எடுத்தோம். தோள் ஒளிர்ந்தது. சிறுநீரகமும் மூத்திரப்பையும் வழக்கம்போல ஒளிர்ந்தன. அக்குளிலும் ஒரு சின்னப் புள்ளி.

"மூத்திரம் தெறிச்சிருக்கும் மேடம். தொடச்சிட்டு மறுபடி எடுக்கலாங்க" என்றார் வாணியம்பாடிக்காரர்.

எங்கள் தொழிலில் அடிக்கடி ஏமாற்றுவது அதுதான். மயக்கத்தில் இருந்த எலியை ஈரப் பஞ்சால் துடைத்தோம். கீழே விரித்த தாளை மாற்றினோம். மறுபடி எடுத்தோம்.

புள்ளி அங்கேயே இருந்தது.

எலியின் அக்குளை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு வழக்கப்படி அதை வலியில்லாமல் கொன்று அறுத்துப் பார்த்தபோது, எள்ளளவு நிணநீர்க் கணு ஒன்று கிடைத்தது. நுண்ணோக்கியில் அதற்குள் புற்றுநோய்ச் செல்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு புரதத் துண்டு, இத்தனை ரத்தக் குழாய்களைக் கடந்து, யாரும் வழி சொல்லாமலே அந்த எள்ளைக் கண்டுபிடித்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாணியம்பாடிக்காரர் "சுப்ஹானல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார்.

அந்த வாரமே போளூரில் பஸ் பிடித்து, அக்காவைப் பார்க்க மலையேறினேன். போனில் இருந்த படத்தை அக்கா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எனக்கு இருந்தாலும் இப்டித் தெரியுமா?"

"இன்னும் மனுசங்களுக்கு வர்லக்கா. நாளாகும்."

"இந்த எலி இன்னா ஆச்சு?"

சொன்னேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினை மிதித்தாள். தையலை முடித்து நூலை அறுத்துக்கொண்டே, "நாளைக்கிப் படவேடு போய்ட்டு வர்லாம் வா" என்றாள்.

படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள், குணமான உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அக்கா அதுவரை போடவில்லை. நிஜமாகவே குணமானால்தானே போடுவது என்பாள். அன்று கோயில் வாசல் கடையில் மார்புத் தகடு ஒன்று வாங்கினாள்.

"எலி இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரர் விழித்தார். "எலி இல்லம்மா. பாம்பு இருக்குது, தேள் இருக்குது, மாடு இருக்குது."

"மாடு குடுங்க. நாலு காலு இருக்குதில்ல, அந்த எலிக்கு அது போதும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் தன் தகட்டைச் சட்டென்று உண்டியலில் போட்டாள். மாட்டுத் தகட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு போட்டாள்.