காதுக்குப் போக வேண்டிய சொட்டு

உலகத்தில் அச்சாகும் மருந்து லேபிள்களில் பாதி என் நாத்தனார் கையால் வடிவமைத்தவை. பாதி என்றது பாசத்தில் வந்த கணக்கு. உள்ளபடி சொன்னால் இரண்டு சின்ன மருந்துக் கம்பெனிகள், ஒரு சோப்புக்காரர், அவ்வளவுதான்.

வயது அறுபது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர். அதுதான் அவள் ஆபீஸ். அச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தடியெழுத்து'. யார் என்ன கேட்டாலும் தடித்து நிமிர்ந்த எழுத்துருவைத்தான் எடுப்பாள். அடித்த மாதிரியைச் சுவரில் ஒட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆறடி தள்ளி நின்று படிப்பாள். படிக்க வராத எழுத்துக்கு அவளிடம் வேலை கிடையாது. மருந்துக் குப்பியைக் கையில் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் என்பாள்.

போன மாதம் அவளுக்குக் கண்புரை எடுத்தார்கள். பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. சுவரில் போன எறும்புக்கு மீசை இருப்பதாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி முதலாளி, லேபிள் மெல்லிசாக, நாகரிகமாக வேண்டும் என்று கேட்டார். கண் சொட்டுக்கும் காது சொட்டுக்கும் ஒரே அமைப்பு: மேலே கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில், அடியில் மயிரிழை போன்ற சாம்பல் எழுத்தில் 'கண்ணுக்கு' அல்லது 'காதுக்கு'. வழக்கம்போல ஆறடி தள்ளி நின்றாள். புதுக் கண் கடகடவென்று படித்துவிட்டது. அச்சகத்துக்கு அனுப்பியும் விட்டாள். மூன்று மணிக்கு மெஷினில் ஏறும், இருபதாயிரம் லேபிள்.

உருண்டைக் குப்பியில் எழுத்து எப்படி வளைகிறது என்று பார்ப்பதும் அவள் வழக்கம். வீட்டில் என் கணவரின் கண் மருந்தும் காது மருந்தும் இருந்தன. மாதிரி லேபிள்களை அவற்றின் மேல் சுற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இரண்டு மணிக்கு என் கணவர் ஒரு குப்பியை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். அடுத்த நொடி அவர் அலறிய அலறலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத்தலையோடு ஓடிவந்த நாத்தனார் குப்பியைப் பார்த்தாள். காது மருந்து. அண்ணனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஊற்றியபடியே என்னிடம் போனைக் காட்டினாள்.

"மெஷின நிறுத்தச் சொல்லுங்க, அண்ணி. தப்பு என்னோடது."

அச்சகத்துக்காரர் பிளேட்டே மாட்டியாகிவிட்டது, எழுத்துதான் அழகாக இருக்கிறதே என்று இழுத்தார். போனை அவள் காதில் வைத்தேன்.

"அழகா இருக்குங்க. ஆனா எங்கண்ணன் இப்ப கண்ணத் திறக்க முடியாம நிக்கிறாரு."

மெஷின் நின்றது.

கண்ணுக்கு ஆபத்தில்லை, சிவப்பு இரண்டு நாளில் போய்விடும் என்றார் டாக்டர். திரும்பி வந்தவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் பழைய சோடாபுட்டிக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். அதைப் போட்டால் இப்போது அவளுக்கு எல்லாமே மங்கல். அந்த மங்கலிலும் தெரிகிற வரைக்கும் 'கண்ணுக்கு' என்பதைக் கறுப்பில் தடிக்க வைத்தாள். கம்பெனிப் பெயர் ஓரத்துக்குப் போனது. முதலாளி முறைத்தாராம், அண்ணனையே கூட்டிப்போய் அந்தச் சிவந்த கண்ணைக் காட்டினாள்.

இதுவரை எழுதியதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் கணவர் சொன்னார்:

"நானா விட்டுக்கிட்டேன்? லேபிள் தெரியல, தங்கச்சி வரட்டும்னு சொன்னேன். கொண்டாங்க, எனக்குப் படிக்கத் தெரியாதான்னு பிடுங்கி விட்டது நீதான்."