கல்லறைத் திருநாள் மெட்டு

ஆரோக்கியராஜை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு, யாரென்றே தெரியாதவர்களின் விளம்பரத்துக்கும் வீடியோவுக்கும் பின்னணி இசை போடுகிறவன். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் எனக்கும் அவன் மெட்டுதான். என்னை விட்டால் அவனுக்குப் பேச ஆளில்லை. மனைவி பிரிசில்லா இறந்துபோய் மூன்று வருஷமாகிறது.

போன வருஷம் ஓர் இசை நிறுவனம் அவனிடம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, மெட்டை அவர்களும் விற்பார்கள், இவனும் வைத்துக்கொள்ளலாம், வருமானம் சொற்பம். இன்னொன்று, முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கை நிறையக் கிடைக்கும், ஆனால் பிறகு இவனே அதை எங்கும் வெளியிட முடியாது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் குடுத்துட்றேன் மச்சான். ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கட்டும். அதுல அவ இருக்கா."

அவள் இருந்தபோது ஒரு கல்லறைத் திருநாளில், முன்னோர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து அவன் வாசித்தபோது, சங்கரா மீன் ஆய்ந்தபடியே பிரிசில்லா கூடச் சேர்ந்து ராகம் இழுத்தது மைக்கில் விழுந்துவிட்டது. அதை அப்படியே மெட்டில் விட்டிருந்தான்.

மாதா கோயிலில் கீபோர்டு வாசித்த பழக்கம், மெட்டுக்கெல்லாம் திருநாள் பெயர்தான் வைப்பான். வருஷம் போடமாட்டான். அவள் போன பிறகு வந்த கல்லறைத் திருநாளிலும் ஒன்று போட்டிருந்தான். எது எதுவென்று கேட்டுப் பார்த்திருக்கலாம். அவள் குரலைக் கேட்கத் தைரியமில்லாமல், குத்துமதிப்பாக ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை அனுப்பிவிட்டான். கிறுக்குப் பயல்!

அவள் நினைவு நாள் வீடியோவுக்காக, நிறுத்தி வைத்ததை என் கடையில் போட்டோம். கீபோர்டு மட்டும்தான் கேட்டது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கெஞ்சினோம். சமையல் எண்ணெய் விளம்பரத்துக்குப் போய்விட்டது, திருப்பித் தர முடியாது என்றார்கள்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். டிவி அலறிக்கொண்டிருந்தது. ஜென்மத்தில் டிவி பார்க்காதவன்.

"வீட்டுக்குள்ள கேக்கறத எவன் தடுக்கப் போறான்? அந்த மெட்டு கம்ப்யூட்டர்லதான் இருக்குல்ல, போட்டுக் கேளேன்டா!" என்று எரிந்து விழுந்தேன்.

"நானா போட்டா அது பைலு மச்சான். இதுல அவளா வர்றா. எப்ப வருவான்னு தெரியல, அதான் அணைக்கறதேயில்ல."