துடைத்துவைத்த பக்கம்

சின்ன அத்தை வரலாற்று ஆசிரியை. உடன்பிறந்தோர் மூவரில் கடைக்குட்டி. மணமானவர், பிள்ளைகள் இல்லை. மணி அடித்ததும் கரும்பலகையை ஓர் எழுத்து மிச்சமின்றித் துடைத்துவிட்டுத்தான் வகுப்பைவிட்டு வெளியேறுவார். அடுத்து வரும் கணக்கு வாத்தியார் முந்தைய பாடத்தின் மிச்சத்தின்மேல் எழுதும்படி விடுவது மரியாதையன்று என்பது அவர் கொள்கை.

பள்ளிக்குக் கணினிகள் வந்தன. வகுப்புக்கு ஒரு பொதுப்பக்கம். மாணவர் அனைவரும் அவரவர் இருக்கையிலிருந்தே அதில் சேர்ந்து எழுதலாம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். எந்த வகுப்பில் எத்தனை மாற்றங்கள் நிகழ்ந்தன என்று தலைமையாசிரியர் அறையில் ஒரு திரை காட்டும். மாற்றம் மிகுந்தால் கூடிக் கற்கிறார்கள் என்று பொருளாம். ஆண்டிறுதியில் அந்தக் கணக்கில் கடைசி இடம் பெறும் ஆசிரியர் வகுப்பை விட்டுவிட்டு அலுவலக அறைக்குப் போகவேண்டும் என்று அறிவிப்பும் வந்தது.

அத்தைக்கு வகுப்பறை தவிர வேறெங்கும் குரலே எழும்பாது.

முதல் நாள் பிள்ளைகள் ஒரு போரின் காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார்கள். மணி அடித்தது. அத்தை மொத்தத்தையும் தெரிவுசெய்து அழித்துவிட்டு நிம்மதியாக வெளியேறினார்.

மறுநாள் வகுப்புத் தலைவி எழுந்தாள்.

"மிஸ், நேத்து எழுதினது எல்லாத்தையும் காணோம்!"

"நான்தான் அழிச்சேன். அடுத்த சார் எங்க எழுதுவார்?"

"ஐயோ மிஸ், அவருக்கு வேற பக்கம் இருக்கு. இதுல இடமே தீராது."

"தீராதுன்னா? அப்படியே குப்பையா போட்டுட்டுப் போறதா? உங்க வீட்லயும் இப்படித்தானா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அழிந்ததை மீட்கும் வழி பிள்ளைகளுக்குத் தெரியும். அன்றுமுதல் வகுப்பு தொடங்கியதும் அவர்கள் மீட்பார்கள்; மீட்டதைத் திருத்துவார்கள்; மணி அடித்ததும் அத்தை துடைப்பார். மீட்பதும் துடைப்பதும் திரையில் மாற்றங்களாகவே பதிவாயின.

ஆண்டிறுதியில் தலைமையாசிரியர் அழைத்தார். கடைசி இடம் தமக்குத்தான் என்ற முடிவோடு, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அத்தை உள்ளே போனார்.

"டீச்சர், மத்த வகுப்பு எல்லாம் சேர்ந்தாலும் உங்க கிட்டகூட வரலை! அப்படி என்னதான் பண்றீங்க?"

"தினமும் துடைக்கிறேன் சார்."

"அடேயப்பா! பழசைப் பிடிச்சுத் தொங்காம, தினமும் புதுசா! இதை எல்லா ஆசிரியருக்கும் நீங்கதான் சொல்லித்தரணும். இனி பயிற்சிப் பொறுப்பு உங்களுது."

"அப்போ என் வகுப்பு?"

"அதை யாராவது பார்த்துப்பாங்க. உங்களை மாதிரி ஆளை வகுப்புல வீணடிக்கலாமா?"

பயிற்சிப் பொறுப்பாளருக்கென்று தனி அறை இல்லை. ஆகவே அலுவலக அறையிலேயே ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் கணக்கு வாத்தியார் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். கடைசி இடம் அவருக்கு.

"உங்களுக்கு ஏன் சார் மாற்றமே விழலை?"

"பசங்க முதல் தடவையே சரியா போட்டுட்டாங்க டீச்சர். அதுல எதை மாத்தச் சொல்றது?"

அத்தை மாலையில் எழும்போது இருவர் மேசையையும் துடைத்துவிட்டுப் போனார்.

வகுப்பறையில் இருபத்தோராண்டு. அந்த நாற்காலியில் ஆறு.