வனப்பூங்கா வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்த மாலை

அப்பா இல்லாமல் ஒரு வருடத்தைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாக என் வணக்கம்.

தாராபுரம் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. மீசை அரும்பும் வயதில் ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் மதுக்கரையில் காவலாளியாக வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தார். அம்மா மறைந்தபின் என்னோடு இருந்தார்.

மலையடிவார வனப்பூங்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு நுழைவு இலவசம் என்று அறிவித்ததிலிருந்து, ஞாயிறுதோறும் அடையாள அட்டையோடு கிளம்பிவிடுவார். இதய அறுவை சிகிச்சை ஆன உடம்பு. யானை நடமாடும் காடு. அவர் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

"ஏனுங்கப்பா, சும்மா உடறாங்கன்னு வாராவாரம் போகோணுங்களா?"

"காசுக்கில்ல கண்ணு. அட்டையக் காட்டுனா 'வாங்கய்யா'ன்னு கூப்புடறாங்க. உள்ள போனா மனசு அடங்குது."

ஒரு ஞாயிறு மாலை பூங்கா வாசலில் சீட்டுக் கொடுக்கும் அம்மா போன் செய்தார். "அம்மணி, எல்லாரும் வந்துட்டாங்க. அப்பாவயும் இன்னொருத்தரயுந்தான் காணலீங்க. ஓடைப்பக்கம் யானை எறங்கியிருக்குதுங்க."

வண்டியை எப்படி ஓட்டிப்போனேன் என்று தெரியவில்லை. வனக்காவலர்கள் தேடி உள்ளே போயிருந்தார்கள். அப்பாவின் போன் அணைந்திருந்தது. மரக்கிளை முறியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டேன். மார்பைப் பிடித்தபடி எங்கேனும் விழுந்துகிடப்பாரோ என்று மனம் பதறியது.

இருட்டத் தொடங்கும்போது காவலர்களோடு அப்பா வந்தார். அவர் கையைப் பற்றியபடி, அண்மையில் ராணுவத்திலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவரும் வந்தார். அந்த இளைஞரின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"தம்பி ஊட்டுக்குப் போகமாட்டேன்னு உக்காந்திருந்தாரு கண்ணு. தனியா உட்டுப்போட்டு வர மனசு வல்ல."

பிறகு அவர்கள் இருவரும் ஞாயிறுகளில் சேர்ந்தே நடந்தார்கள். அப்பா மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோதுதான் அந்தத் தம்பி என்னிடம் மனம் திறந்தார். அவர் சம்மதத்துடனே இங்கே எழுதுகிறேன்.

"அன்னைக்கு உசுரோட திரும்பக்கூடாதுன்னுதானுங்க்கா போனேன். ஐயா காரணமே கேக்கலீங்க. பக்கத்துல உக்காந்து, 'பட்டாளத்துலருந்து வந்த புதுசுல நானும் இப்படித்தான் தம்பி. இன்னமும் சில நாளு அப்படித்தான் இருக்குது'ன்னாருங்க."

அப்பாவின் இதயத்தை நினைத்துப் பயந்தேன், யானையை நினைத்துப் பயந்தேன். அவர் மனதுக்குள் இருந்ததை நான் அறியவே இல்லை.

கடைசி நாட்களிலும் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்: "தம்பி இந்த வாரம் பூங்காவுக்குப் போனாரா? பத்திரமா வந்துட்டாரா?"

அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், அக்கம்பக்கத்தார், வனக்காவலர்கள், சீட்டுக் கொடுக்கும் அம்மா, பாடைக்குத் தோள்கொடுத்த அந்தத் தம்பி அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போதும் ஞாயிறுகளில் அந்தத் தம்பி தனியாகப் பூங்காவுக்குப் போகிறார். வெளியே வந்ததும், "வந்துட்டேனுங்க்கா" என்று எனக்குப் போன் செய்கிறார். அந்தக் குரல் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை.