மாட்டுக்கொட்டகைக்கு வைத்த விருந்து

வட்டிக்காரர் எதிரே வந்தால், கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் முந்திரி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற வாத்தியாராக இருந்தேன். பிள்ளை வேண்டாமென்று நாங்களே முடிவு செய்திருந்தோம். அதனால் காதுகுத்து, கல்யாணம் என்று ஊருக்கெல்லாம் செய்த மொய் எங்களுக்குத் திரும்பி வர வழியில்லை.

என் மனைவி மாட்டுக்கொட்டகைக்குப் புதுக் கூரை வேய்ந்து, அதற்கே கிடா வெட்டி ஊரை அழைத்தாள்.

“கொட்டகைக்கு விருந்தா? யாரு வருவா?” என்று சிரித்தேன்.

ஊரே வந்தது. நான் மறந்த மொய்யைக்கூட அவர்கள் மறக்கவில்லை. வாங்கியதற்கு மேலேயும் சேர்த்து வைத்தார்கள். வட்டிக்காரர் கணக்கு மறுநாளே தீர்ந்தது. படித்த எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் காணாத அந்த நாணயத்தை மனைவியிடம் வியந்து பேசினேன்.

“ரொம்ப மலைக்காதீங்க” என்றாள் அவள். “கூடுதலா வச்சதெல்லாம் நாம திருப்பிச் செய்யணும். வந்தவங்க வீட்ல ஆளுக்கு ஆறு புள்ளைக.”