சோற்றை ஆறவிட்டுக் கட்டச் சொன்னவர்

உரும்பிராயில் என் வீட்டுக் குசினியில் வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நின்ற காலை வேளையில்தான் அந்தச் செய்தி வந்தது. தொலைபேசியில் கதைத்தவர் எங்கள் கடையில் விற்பனை பார்க்கும் தயாபரன்.

“அக்கா, அருளப்பு அண்ணை மோசம் போயிட்டார். விடிய எழும்பி நெஞ்சு நோகுதெண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னம் எல்லாம் முடிஞ்சுது.”

நான் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். “நாளைக்குக் கத்தரிக்காய் என்ரை பாடு, நீங்கள் வேறை ஏதும் பாருங்கோ” என்று முதல் நாள் பின்னேரம் சொல்லிவிட்டுப் போனவர் அவர். மறுநாளைப் பற்றி அவர் எப்போதும் அப்படித்தான் உறுதியாகக் கதைப்பார்.

அவரை அறியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கோப்பாய்ப் பக்கத்தில் நீர் இறைக்கும் மிசின்கள் விற்றுத் திருத்தும் கடையொன்றில் நான் கணக்கு வேலை பார்க்கிறேன். அருளப்பு அண்ணை அங்கே மிசின் திருத்துபவர். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திப் பழகி, பின்பு தோட்டக்காரர்களின் மிசின்களுக்கு வந்தவர். உயர்ந்த உருவம், அதற்கேற்ற குரல். சாப்பிட முன் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். தான் வைத்த கறியைத் தானே புகழ்வதில் அவருக்குத் துளியும் கூச்சம் இருந்ததில்லை.

அவருடைய மனைவி மேரி அக்கா மீன் சந்தையில் வியாபாரம் செய்பவர். விடியுமுன்னே அவர் சந்தைக்குப் போய்விடுவதால் காலைச் சமையல் அருளப்பு அண்ணையின் பொறுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிசின் எடுக்க வந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். அருளப்பு அண்ணை கோபிக்கவில்லை. “அவ மீன் விக்கிறா, நான் சமைக்கிறன். ரெண்டு பேரும் உழைக்கிறம், ரெண்டு பேரும் சாப்பிடுறம். இதிலை உங்களுக்கு எங்கை சிரிப்பு வருது?” என்று கேட்டுவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து, நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டலில் கொஞ்சம் எடுத்து அந்த மனிதரின் கையில் வைத்தார். அவர் அதை வாயில் போட்டதும், எப்படிச் செய்தது என்று கேட்டார்.

அந்த நாள்களில் நான் என் மேசையிலேயே தனியே சாப்பிடுவேன். கணவர் காலமாகி, மகனும் கொழும்பில் வேலைக்குப் போய்விட, ஒருத்திக்காக உலை வைக்க மனம் வரவில்லை. வழியில் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போவேன். சில நாள்கள் பார்த்துக்கொண்டிருந்த அருளப்பு அண்ணை ஒருநாள் வந்து நின்றார்.

“தங்கச்சி, உது சாப்பாடில்லை. உது சாட்டு.”

அடுத்த நாள் மத்தியானம் என் மேசையில் வாழையிலைப் பாசல் ஒன்று இருந்தது. சிவப்பரிசிச் சோறு, வாழைப்பொத்தி வறை, புளி தூக்கலாக விட்ட சூடைமீன் குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அருகில் நின்று செய்முறை சொன்னார். சூடை மலிவான மீன், முதல் நாள் பின்னேரமே குழம்பு வைத்தால் மறுநாள்தான் அதற்கு உருசி வரும். குலை தள்ளியபின் ஒடித்துப்போடும் பூதானே வாழைப்பொத்தி, நீர்வேலித் தோட்டக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள். தேங்காய்ப்பால் விட்ட கறி வெயிலுக்கு மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும், தண்ணீர்ப்பதமில்லாத வறையும் பிரட்டலும் பழுதாகாமல் நிற்கும். இலையை நெருப்பில் வாட்டினால் கிழியாது. “சோற்றை ஆறவிட்டுக் கட்டுங்கோ. சூட்டோடை மூடினால் வேர்த்துப்போம்.” அந்தக் கிழமையே நான் பாண் வாங்குவதை விட்டேன்.

பின்பு நாட்டில் எல்லாச் சாமான்களும் விலையேறிய காலம் வந்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் மிசின் ஓடாது, மிசின் ஓடாவிட்டால் எங்கள் கடைக்கு வருவார் யாருமில்லை. முதலாளி சம்பளத்தைக் குறைத்தார். கடைச் சோற்றுப் பாசல் எங்களுக்கு எட்டாத பொருளானது. அருளப்பு அண்ணை பெற்றோல் இல்லாமல் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்தார். அப்போதும் சாப்பாட்டுப் பை கைபிடியில் தொங்கியது. அரிசி தட்டுப்பட்டால் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் செத்தல் மிளகாய்ச் சம்பலோடு கொண்டு வருவார். இன்னொரு நாள் பயறு கலந்த புட்டு. வெறுங்கையோடு அவர் வந்ததே இல்லை.

ஆனால் தயாபரன் வெறுங்கையோடு வரத் தொடங்கினார். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வீட்டில் இருந்ததைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வந்தார் என்பது எங்களுக்குப் பின்புதான் தெரிந்தது. கேட்டால் விரதம் என்பார். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், இடையில் ஏதாவது நேர்த்தி விரதம். சைவ சமயத்தவளான நானே அதை நம்பினேன்.

ஒருநாள், திருத்தி முடித்த மிசினொன்றை வண்டியில் ஏற்றும்போது தயாபரனின் கையிலிருந்து அது நழுவி விழுந்து உடைந்தது. மிசினுக்குச் சொந்தக்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். முதலாளி என் மேசைக்கு வந்து, “காலமையே போட்டிட்டு வாறான் போலை, கால் தள்ளாடுது. கணக்கை முடிச்சு அனுப்புங்கோ, நாளைக்கு வரவேண்டாம்” என்றார். ஆளைக் குறைக்க வேண்டும் என்று அவர் முன்பே யோசித்துக்கொண்டிருந்ததால், இது அவருக்கு ஒரு காரணமாகவும் அமைந்தது.

அருளப்பு அண்ணை எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தார்.

“முதலாளி, அவன் குடிக்கேல்லை. அவன் சாப்பிடேல்லை.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“எங்கடை வேதத்திலை நாப்பது நாள் தபசு காலத்திலையும் ஒருத்தரும் இப்பிடிப் பட்டினி கிடக்கிறேல்லை. அவன்ரை விரதத்துக்கு முடிவே இல்லை. நான் கிட்ட நிண்டு வேலை செய்யிறவன், எனக்கு அவன்ரை கை நடுக்கம் தெரியும். அவனை நிப்பாட்டிறதெண்டால் என்னையும் சேர்த்து நிப்பாட்டுங்கோ.”

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அந்தக் காலத்தில் கையிலிருந்த வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். முதலாளி தன்னிடமும் காசில்லை என்றும் வியாபாரம் படுத்துவிட்டது என்றும் சொன்னார். அது உண்மைதான்.

“நான் காசு கேக்கேல்லை. அந்தப் பின்னறையைத் தாங்கோ. மத்தியானம் அரை மணித்தியாலம் கடையைச் சாத்துவம். எல்லாரும் ஒண்டாய் இருந்து சாப்பிடுவம். நீங்களும் வாங்கோ.”

முதலாளி சாவிக்கொத்திலிருந்து பின்னறையின் திறப்பைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் தலைகுனிந்து நின்ற தயாபரனிடம் அருளப்பு அண்ணை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “சும்மா வந்திருக்காதை. உன்ரை வளவிலை நிக்கிற முருங்கை ஊருக்கே காணும். நாளையிலிருந்து இலை வறை உன்ரை பொறுப்பு” என்றார். தயாபரன் நிமிர்ந்து, “எத்தினை பேருக்கு அண்ணை?” என்று கேட்டார். அவர் முகம் மாறியதை அப்போதுதான் கண்டேன்.

அன்று பழைய பெட்டிகளை ஒதுக்கி மேசையொன்று போட்டோம். அடுத்த நாளே அருளப்பு அண்ணை ஒழுங்கு வகுத்தார். ஆளுக்கு ஒரு கறி. எல்லாருடைய சோறும் ஒரே பெரிய தாச்சிக்குள். யார் கூடக் கொண்டு வந்தார், யார் குறையக் கொண்டு வந்தார் என்று பிறகு ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலாளி முதல் நாள் கடையில் வாங்கிய கோழிக்கறியோடு வந்தார். அருளப்பு அண்ணை அதை நன்றாக உருசித்துச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு வீட்டில் பருப்பு வைத்துக் கொண்டுவரும்படி சொன்னார். முதலாளியும் பருப்போடு வந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் தொடுவதில்லை; முதல் வெள்ளிக்கிழமை, மீன் இருக்கும் என்று நினைத்து என் மேசையிலேயே இருந்துவிட்டேன். அவர் தேடி வந்தார். “வெள்ளிக்கிழமை மேசையிலை மச்சம் இல்லை, எழும்புங்கோ. பெரிய வெள்ளிக்கு நாங்களும் இறைச்சி தொடுறேல்லை, எங்களுக்கு விளங்காதோ?” என்றார். மீன் விற்கும் வீட்டிலிருந்து அன்று வந்தது கத்தரிக்காய்ப் பிரட்டல். அப்படி ஒரு கத்தரிக்காயை நான் என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. இதை அவரிடமே சொன்னபோது, “ஓம், எனக்குத் தெரியும்” என்றார்.

காலம் மெல்லத் திரும்பியது. மிசின்கள் ஓடின, சம்பளம் பழையபடி ஆனது. கடைச் சோற்றுப் பாசல் வாங்கக்கூடிய நிலை வந்தும் ஒருவரும் வாங்கவில்லை. தயாபரன் இப்போது விற்பனைக்குப் பொறுப்பானவர். அவர் வீட்டு முருங்கையிலை வறை இன்றும் மேசைக்கு வருகிறது.

நல்லடக்கத்துக்குக் குருநகருக்கு நாங்கள் எல்லாரும் போனோம். கோயிலில் பூசை முடிந்து, சேமக்காலையில் முதலாளியும் ஒரு பிடி மண் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. திரும்பி வீட்டுக்கு வந்து மேரி அக்காவிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட நின்றோம். அப்போது சந்தையிலிருந்து மீன்காரப் பெண்கள் கடகங்களோடும் சட்டிகளோடும் வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து வட்டமாக இருந்தார்கள். தங்கள் சோற்றையெல்லாம் ஒரே தாச்சிக்குள் கொட்டினார்கள்.

நான் மேரி அக்காவைப் பார்த்தேன். “கடையிலை நடக்கிறதை அவர் ஒவ்வொரு நாளும் வந்து கதைப்பார். அந்த நாளிலை சந்தையிலையும் கனபேர் தேத்தண்ணியோடைதான் இருந்தவை. பிறகு நாங்களும் துவங்கினனாங்கள். இண்டைக்கும் விடேல்லை” என்றார். அண்ணை மோசம் போனதிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். ஒரு பெண் நகர்ந்து இடம்விட, அவர் போய் அந்த வட்டத்தில் இருந்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, “நிக்காதேங்கோ, வந்து இருங்கோ” என்றார்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் போனார். தயாபரனும் நானும் பின்னால் போனோம். யாருடைய சோறு என்று தெரியாத சோற்றை எல்லாரும் சாப்பிட்டோம். மேரி அக்காவும் சாப்பிட்டார்.

அருளப்பு அண்ணை, நிம்மதியாய்ப் போங்கோ. உங்கடை ஆக்கள் ஒருத்தரும் பசியோடை இல்லை.